மணப்பெண் பேசலாகாது

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது கோமதி முறைசொல்லியிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஒன்பதூர்ச் சங்கம் அந்தக் கருவியைச் செய்து வைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அதனிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

பார்வைக்கு அது ஒரு வெண்கலச் செம்பு. கழுத்தைச் சுற்றிக் கடுகு கடுகாகக் கண்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், "இப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று நல்ல தமிழில், அவசரமே இல்லாத குரலில் சொல்லும். ஒன்பதூர்க்காரர்கள் மஸ்கட்டிலும் மெல்பர்னிலும் கோயம்புத்தூரிலுமாகச் சிதறிப்போய், முறை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிய பிறகு, சங்கம் பழைய கல்யாண வீடியோக்களையெல்லாம் திரட்டி அதற்குள் போட்டது. அவற்றைப் பார்த்து அது கற்றுக்கொண்டது. இப்போதும் ஒவ்வொரு கல்யாணத்திலும் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டே இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தால் கடைசியில் "முறை நிறைவு" என்று சொல்லும். அது சொன்னால்தான் சாஸ்தா கோயில் பதிவேட்டில் தம்பதியின் பெயர் ஏறும். பெயர் ஏறினால்தான் பங்குனி உத்திரத்தன்று சன்னதி முன் கட்டிய கயிற்றுக்கு உள்ளே போய்ப் பொங்கல் பானை வைக்க முடியும். மற்றவர்கள் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போய்ப் பராமரிக்கும் வேலை குற்றாலம் என்ற இளைஞனுக்கு. சித்தி மகள் கல்யாணத்தில் அதன் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கோமதி அவனை முதலில் பார்த்தாள். இப்போது அவனே மாப்பிள்ளை. அம்பாசமுத்திரத்தில் கோமதியின் வீட்டுக் கூடத்தில் செம்பை வைத்துவிட்டு, பெண் வீட்டுக்கு உரிய பட்டியலை அது சொல்லட்டும் என்று காபியோடு உட்கார்ந்திருந்தான்.

"பந்தக்கால் நட்டது முதல் மறுவீடு போகும் வரை, மூன்று நாள், மணப்பெண் பேசலாகாது" என்றது முறைசொல்லி.

"மூணு நாளா?" சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா நெல்லையப்பன் சிரித்தார். "எங்க கல்யாணத்துக்கு இது இல்லாமப் போச்சே."

"இருந்தா மட்டும்?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள். "நாலாவது நாளு சேத்து வச்சுப் பேசிருப்பேன்லா."

கோமதி செம்பின் முன்னால் குனிந்தாள். "ஏன்?"

அதன் கண்கள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. "கேள்வி புரியவில்லை. எப்போது முதல் எப்போது வரை என்று கேட்கிறீர்களா?"

"இல்லை. எதுக்குப் பேசக் கூடாது?"

"மூன்று நாள் பேசலாகாது" என்று அது மறுபடியும் சொன்னது.

குற்றாலம் காபித் தம்ளரைக் கீழே வைத்தான். "அதுக்கு என்ன செய்யணும்னு தெரியும். ஏன்னு அதுல எங்கயும் கெடையாது, கோமு. நாங்க போடவே இல்லை."

அப்பாவின் சிரிப்பு அதற்குள் நின்றிருந்தது. அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் முப்பது வருஷம் மாஸ்டராக இருந்தவர். எட்டு வருஷமாகப் பார்வை இல்லை. ஊரெல்லாம் செய்துகொண்ட விழித்திரை மாற்று சிகிச்சை அவருக்கு மட்டும் பலிக்கவில்லை. குரல்தான் அவருக்கு ஆள்.

"தாரை வாக்கும்போது நீ என் பக்கத்துலதான இருப்பே?"

"இருப்பேன்ப்பா."

"சரி. கையைப் புடிச்சாத் தெரிஞ்சுரும்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "வளையலு, மருதாணின்னு போட்டுட்டா எல்லாப் பொண்ணு கையும் ஒண்ணுபோலதான் இருக்கும்."

அன்றைக்கு ராத்திரி கோமதி குற்றாலத்தைப் போனில் கூப்பிட்டு, அந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடச் சொன்னாள்.

*

மறுநாள் திருநெல்வேலியில் சங்கத்து அலுவலகத்தில் இருவரும் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். குற்றாலத்துக்கே அது புதிய வேலை. சங்கம் சொன்னபடி முறைகளைத் திருத்தியிருக்கிறான், சேர்த்திருக்கிறான். அவை எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்பதில் ஒரு மணப்பெண் ரவிக்கைத் தையலைப் பற்றி அக்காவுடன் மணவறையிலேயே சண்டை போட்டாள். முப்பத்தொன்றில் ஒருத்தி புகை கண்ணில் பட்டு ஐயரைத் திட்டினாள். முப்பத்திரண்டில் வேறொருத்தி மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்ல, அவன் மாலை குலுங்கச் சிரித்தான்.

"எல்லாரும் பேசுதாங்க!" என்றாள் கோமதி.

"இரு. இன்னா, முப்பத்திநாலு."

திரையில் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் ஒட்டிவைத்தாற்போல இருந்தன. மூன்று நாள் வீடியோவையும் வேகமாக ஓட்டினார்கள். ஒரு சொல் இல்லை.

"இந்தக் கல்யாணத்துல இருந்துதான் முறை வந்திருக்கு" என்றான் குற்றாலம். பிறகு எண்களைப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். "அட கடவுளே."

"என்ன?"

"அந்தக் காலத்துல நல்ல வீடியோவே நமக்குக் கெடைக்கலை. பெரிய வீட்டுக் கல்யாணம் இது. ஏழு கேமரா வச்சு எடுத்திருக்காவ. ஏழையும் முறைசொல்லிக்குள்ள போட்டுட்டாங்க. அது ஏழு கல்யாணம்னு எண்ணிருச்சு. ஏழு பொண்ணு பேசலை, அப்ப பேசக் கூடாது போலன்னு முடிவு பண்ணிருக்கு."

"ஒரே பொண்ணு?"

"ஒரே பொண்ணு. அதுக்கப்புறம் அது சொல்லச் சொல்ல நூத்திநாப்பது பேரு பேசாம இருந்துட்டாவ. இப்ப போயி தப்புன்னா, நூத்திநாப்பது பேரும் தப்பான்னு கேக்கும்."

கோமதிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே திரையில் இருந்த அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. "இது யாரு?"

அவன் வீடியோவை நிறுத்தினான். "எங்க பூரணம் அத்தை. அப்பாவோட தங்கச்சி. ரெண்டே வருஷத்துல புருஷன் வீட்டை விட்டு வந்துட்டாவ. சங்கம் பதிவேட்டுல பேரை அடிச்சிருச்சு. எங்க வீட்டுல அவங்க பேச்சை எடுக்கக் கூடாது."

*

பூரணம் தென்காசி பைபாஸில் ஆட்டோக்களுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையம் வைத்திருந்தாள். ஐம்பது வயது. காக்கிச் சட்டைக்கு மேல் தாவணிபோல ஒரு துண்டு. நாலைந்து ஆட்டோக்காரர்கள் கயிற்றுக் கட்டிலில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏல, குத்தாலமா?" பூரணம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மூக்கு அப்படியே எங்கண்ணன் மூக்கு. பாவம்."

கோமதி நேரே விஷயத்துக்கு வந்தாள். "அத்தை, நீங்க கல்யாணத்துல மூணு நாளு எதுக்குப் பேசலை?"

சார்ஜ் ஏற்றும் கம்பியைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"என்னட்டி கேட்டே?"

"ஏன் பேசலைன்னு கேட்டேன்."

பூரணம் உட்கார்ந்தாள். "இருபத்தெட்டு வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து கேக்கா, பாரு." ஆட்டோக்காரர்களைப் பார்த்து, "ஏய், போயி டீ குடிச்சிட்டு வாங்கடே" என்று விரட்டினாள்.

"எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம். மதுரையில படிக்க எடம் கெடைச்சிருந்துச்சு. வீட்டுல யாரும் காதுல வாங்கலை. சரி, வாயைத் தெறக்கவே மாட்டோம், எவளாச்சும் ஒருத்தி 'என்னம்மா ஆச்சு, ஏன் பேச மாட்டேங்கே'ன்னு கேப்பா, அப்ப சபையில வச்சுச் சொல்லிருவோம்னு இருந்தேன். மொத நாளு ஒருத்தரும் கேக்கலை. ரெண்டாம் நாளு பெரிய மைனி வந்து கன்னத்தைத் தடவி, 'எவ்வளவு அடக்கம்'னா. மூணாம் நாளு மண்டபமே அதைச் சொல்லுச்சு."

குற்றாலம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான், ஏழு கேமராவையும் நூற்றுநாற்பது பெண்களையும் பற்றி.

பூரணம் கம்பியைக் கட்டிலில் போட்டாள். "நான் கோவத்துல வாயை மூடுனேன்" என்றாள். "அதை எடுத்து நூத்திநாப்பது புள்ளையள் வாயில ஒட்டிட்டியளா?"

கிளம்பும்போது கோமதி கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். பூரணம் வாங்கவில்லை. ஆனால் தேதியைக் கேட்டுக்கொண்டாள்.

*

குற்றாலத்தின் அப்பா சங்கரலிங்கம்தான் சங்கத்துச் செயலாளர். மெதுவாகப் பேசுகிறவர். மருமகளாக வரப்போகிறவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒன்பது ஊரு இருந்துச்சும்மா. இப்ப அங்க என்ன இருக்கு தெரியுமா? கண்ணுக்கெட்டுன மட்டும் சூரியத் தகடு. ஒரு தெரு இல்லை, ஒரு கெணறு இல்லை. மஸ்கட்டுல இருக்கவனையும் என்னையும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கது இந்த முறை ஒண்ணுதான். இன்னிக்கு நீ ஒண்ணை உருவுனா, நாளைக்கு அவன் ஒண்ணை உருவுவான். கடைசியில நாம யாருன்னு எதை வச்சுச் சொல்ல?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது கோமதிக்குத் தெரிந்தது. அதுதான் சங்கடமாக இருந்தது.

"மாமா, இது முறையே இல்லை. பூரணம் அத்தை கோவத்துல பேசாம இருந்திருக்காங்க. நீங்க பக்கத்துலதான இருந்திருப்பீங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா சொல்லிருப்பா." சங்கரலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதான் கேக்கலை."

பதிவேட்டில் பெயர் வேண்டுமென்றால் முறைப்படி நடக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

வெளியே வந்ததும் குற்றாலம், "நீ பேசினாலும் பேசாட்டியும் நான் உன் பக்கத்துலதான் நிப்பேன்" என்றான்.

"பெரிய தியாகந்தான்."

"மணவறையில எனக்கு வேற எங்க எடம் போட்டிருக்காவ?"

அவளைச் சம்மதிக்க வைத்தது அப்பாதான். "மூணு நாளுதான, தாயி. கண்ணு தெரியாத ஒருத்தனுக்காகப் போற வீட்டுல கெட்ட பேரு எடுக்காதே. நான் சமாளிச்சுக்கிடுவேன்."

*

முதல் நாள் அப்பா நாலு முறை, "கோமதி எங்க?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் யாராவது, "இன்னா, பக்கத்துலதான் இருக்கா" என்றார்கள். இரண்டாம் நாள் அவர் கேட்பதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, கோமதியின் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவள் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல அவளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "அவளுக்குப் பால்கோவான்னா உசிரு. ரெண்டு எடுத்து வைங்க, வந்தாக் குடுக்கலாம்." யாரும் சிரிக்கவில்லை.

பேசாமல் இருந்தபோது கோமதி ஒன்றைக் கவனித்தாள். எல்லோருக்கும் அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதுவரை அவளோடு இரண்டு வார்த்தை பேசாத பெரியம்மாக்கள் வந்து கன்னத்தைத் தடவினார்கள். அந்தப் பிரியம் உண்மையானது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. இன்னும் ஒரு நாள் இப்படியே இருந்துவிட்டால் ஆயுசுக்கும் இது கிடைக்கும் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை. முகூர்த்தம். முறைசொல்லி விளக்குக்குப் பக்கத்தில். "இப்போது தாரை வார்க்க வேண்டும்." அம்மா தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அப்பாவின் கையில் கோமதியின் கையை எடுத்து வைத்தார்கள். அவர் விரல் வளையல்களின் மேல் ஓடியது; மருதாணி காய்ந்த விரல் நுனிகளைத் தடவியது. குற்றாலத்தின் கை காத்திருந்தது.

அப்பா கொடுக்கவில்லை.

"நெல்லையப்பன், குடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

அவர் முகம் கோமதி இருந்த திசைக்குச் சற்றுத் தள்ளித் திரும்பியது. ரொம்ப மெதுவாக, வெட்கப்பட்டவர்போலக் கேட்டார்: "யாரு... கோமதிதானா?"

"நான்தான்ப்பா" என்றாள் கோமதி.

நாகஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். மண்டபத்தில் நானூற்றுச் சொச்சம் பேர்.

"வளையலை மேல தள்ளிப் பாருங்க. சின்னதுல இட்லிக் கொப்பரை சுட்ட தழும்பு இருக்கும்."

"தழும்பு எதுக்குட்டி?" அப்பாவின் குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "அதான் பேசிட்டியே!" கண் தெரியாத மனிதர் சரியாகக் குற்றாலத்தின் கையைப் பிடித்து, அதில் மகளின் கையை வைத்தார். அம்மா தண்ணீரை ஊற்றினாள். பாதி தரையில்தான் விழுந்தது.

"முறை பிறழ்ந்தது" என்றது முறைசொல்லி, எப்போதும்போல அவசரமில்லாமல்.

சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்டேம்மா? சபை முன்னால..."

"அண்ணே, அவளை விடு."

கடைசி வரிசையிலிருந்து பூரணம் நடந்து வந்தாள். காக்கிச் சட்டை இல்லை. நல்ல மாம்பழ நிறத்தில் பட்டு. நடுவில் வந்து நின்றாள். "அன்னிக்கு யாரும் கேக்கலை. இன்னிக்கும் யாரும் கேக்கலை. பரவாயில்லை, நானே சொல்லிருதேன். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு முதல் வரிசையில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அது சங்கரலிங்கத்தின் நாற்காலி. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

குற்றாலம் தாலியைக் கட்டினான். மூன்றாவது முடிச்சில் குனிந்து, "பதிவேட்டுல பேரு இல்லாட்டா என்ன, ரேஷன் கார்டுல இருக்கும்லா" என்றான். கோமதி மாலை குலுங்கச் சிரித்தாள்.

*

பங்குனி உத்திரத்துக்குக் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். பூரணமும் கூட நின்றாள். குற்றாலத்தின் அம்மா உள்ளே பானைக்குப் பக்கத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது கோமதிக்கு வலித்தது. ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சாஸ்தா அதே முகத்தோடுதான் இருந்தார். நெரிசல் இல்லாததால் நன்றாகவே தெரிந்தார்.

அதற்கு அடுத்த ஆவணியில் ஒரு நாள் குற்றாலம் வேலையிலிருந்து ஒரு மாதிரியான முகத்தோடு வந்தான்.

"முறை மாறிருச்சு கோமு. 'தாரை வார்க்கும்போது மணப்பெண் சபை கேட்கப் பேச வேண்டும்.'"

"என்னது?"

"நம்ம கல்யாணத்தை அன்னிக்கு மண்டபத்துல இருந்த நானூறு பேரும் போனுல எடுத்திருக்காவ. எல்லாரும் சங்கத்துக்கு அனுப்பிருக்காவ, என்ன அநியாயம் நடந்துச்சு பாருங்கன்னு. எல்லாம் உள்ள போயிருச்சு. அதுக்கு நீ நானூறு பொண்ணு."

"ஒரே கல்யாணத்தைப் பல தடவை எண்ணுத அந்தக் கோளாறை நீங்க சரி பண்ணலையா?"

"பண்ணணும்னுதான் இருந்தேன்." அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "மறந்துட்டேன்."

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"இப்ப நம்ம கல்யாணம் முறை நிறைவு. பேசாம இருந்த நூத்திநாப்பது கல்யாணமும் பிறழ்வு. எங்கப்பாவுக்கு மூணு நாளா போன் ஓயலை."

கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் நீடித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கடையத்திலிருந்து வடிவு வந்தாள். குற்றாலத்துக்குத் தூரத்து உறவு. பதினோரு நாளில் கல்யாணம். காலையில் பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தாள்.

"அக்கா, நான் பேச மாட்டேன்" என்றாள், வாசல்படியிலேயே. "உங்களாலதான இந்த முறை வந்துச்சு. நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க. என்னைப் பேச வைக்காதீங்க."

நூற்றுநாற்பது பெண்களைப் பற்றிப் பூரணம் கேட்ட கேள்வி கோமதியின் காதில் மறுபடி விழுந்தாற்போல இருந்தது. தான் அப்பாவிடம் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்து இனி எத்தனை பேர் வாயில் திணிக்கப்போகிறார்கள்? கூச்சப்படுகிறவள் இருப்பாள், திக்குகிறவள் இருப்பாள், அப்பாவே இல்லாதவள் இருப்பாள்.

"உள்ள வாம்மா. கூச்சமா இருக்கா? நான் மாமாகிட்டப் பேசுதேன். முறைன்னா என்ன, உனக்கு இஷ்டமில்லாட்டா..."

"கூச்சமில்லைக்கா." வடிவு சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "ஸ்கூல்ல பேச்சுப் போட்டியில எல்லாம் ஜெயிச்சிருக்கேன்."

"பின்னே?"

கோமதி காத்திருந்தாள். பெரியவர்கள் செய்வதுபோல இடையில் புகுந்து ஆறுதல் சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஏன் பேச மாட்டேங்கே, வடிவு?"

"பேசுனா உண்மை வந்துரும்க்கா." அந்தப் பெண் நிமிர்ந்தாள். "பழைய முறைன்னா வாயை மூடிக்கிட்டு எப்படியாச்சும் இருந்திருப்பேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

தெருவில் காய்கறி வண்டி ஒன்று ஒலிபெருக்கியோடு போய் மறைந்தது.

"வீட்டுல சொன்னியா?"

"மூணு தடவை. எங்கப்பா டிவி சத்தத்தைக் கூட்டுதாரு."

கோமதி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, குற்றாலத்தின் மேசைக்குப் போனாள். பழுது பார்க்கக் கொண்டு வந்திருந்த முறைசொல்லி துணியில் சுற்றிக் கிடந்தது. பிரித்து வடிவின் முன்னால் வைத்தாள்.

"மணப்பெண் சபையில் என்ன பேச வேண்டும்?" என்று அதனிடம் கேட்டாள்.

கண்கள் ஒரு சுற்றுச் சுற்றின. "சொற்கள் குறிக்கப்படவில்லை. சபை கேட்கப் பேச வேண்டும் என்பதே முறை."

"அவள் பேசும்போது யாராவது தடுத்தால்?"

"முறை பிறழ்ந்தது ஆகும்."

வடிவு செம்பையும் கோமதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல்ல உங்க வீட்டுக்குப் போவோம்" என்றாள் கோமதி. "நான் வாரேன். பூரணம் அத்தையையும் கூட்டிக்கிடுவோம். டிவியை அவங்க பாத்துக்கிடுவாங்க. அப்பவும் கேக்கலைன்னா பதினோராம் நாளு மண்டபம் இருக்கு. சாஸ்தாவே வந்தாலும் அன்னிக்கு உன் வாயை மூட முடியாது."

வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, பேச்சுப் போட்டிக்காரியின் குரலில் கேட்டாள்:

"அக்கா, அங்க மைக் இருக்கும்லா?"